இக்காமா வரும்வரை ஆளே இல்லை

பெயரிலேயே தொடங்கிவிடுகிறது தொல்லை. நம் ஊரில் ஒருவருக்குப் பெயர் ஒன்று, அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்று, அவ்வளவுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. சிலர் அதைக் காலியாக விடுவார்கள். சிலர் அப்பா பெயரை எழுதிவிடுவார்கள். காலியாக விட்டவர்களுக்கு 2022 நவம்பரில் அதிர்ச்சி காத்திருந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தை பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனை பேர் டிக்கெட் காசைப் பறிகொடுத்தார்களோ! அப்பா பெயரை எழுதியவர்களுக்கு வேறு கதை. வளைகுடாவில் எல்லோரும் அவர்களை அந்தப் பெயராலேயே கூப்பிடுவார்கள். "செத்துப்போன எங்க அப்பாவுக்க பேரச் சொல்லி முதீர் ஏசுவான். திரும்பிப் பாக்கவும் முடியாது, பாக்காம இருக்கவும் முடியாது" என்று குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துக்காரர் ஒருவர் சொன்னார். முதீர் என்றால் மேலாளர். சவுதியில் இருந்து திரும்பி வெகுகாலம் ஆகியும் அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

குமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு அபூர்வம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கோடு, தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்தப் பக்கம் போய் ஒரு புது வீட்டைக் காட்டி "இது யாரு வீடு?" என்று கேட்டாலும் பதிலில் சவுதியோ குவைத்தோ மஸ்கட்டோ வந்துவிடும். பேராசிரியர் இருதயராஜன் தலைமையில் 2015-இல் நடந்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வு, தமிழகத்திலிருந்து வெளிநாடு சென்றவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. அவர்கள் அதிகம் போன நாடு சிங்கப்பூர். குமரிக்காரர்களின் கண்ணோ மேற்கே வளைகுடாவின் மேல் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது. பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம், நாக்கில் மலையாளமும் உண்டு. கேரளத்துக்காரர்கள் போட்ட தடத்திலேயே இவர்களும் போனார்கள்.

பெரிய துயரங்கள் நடக்கும்போது நாடு திரும்பிப் பார்க்கிறது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழர்கள். ஒரு வாரம் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் செய்தி. ஆனால் போனவர்களைக் கேட்டால், ஆளைத் தேய்த்துக் கரைப்பது அன்றாடத் தொல்லைகள்தான் என்கிறார்கள். வராத அட்டை, புரியாத படிவம், தீர்ந்த ரீசார்ஜ், கூடிப் படுத்த அறை. இவற்றில் எதுவும் செய்தியாவதில்லை. வீட்டுக்காரர்களிடம்கூட யாரும் சொல்வதில்லை. "நல்லா இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இவற்றில் பாதித் தொல்லைகளை விமானம் ஏறுவதற்கு முன்பே, இங்கே, நம் மாவட்டத்திலேயே தீர்த்துவிடலாம் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அட்டை யார் கையில்?

சவுதியில் இறங்கியதும் முதலில் தேவைப்படுவது இக்காமா என்கிற குடியிருப்பு அட்டை. அதை எடுத்துத் தர வேண்டியவர் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி. வந்து 90 நாளுக்குள் எடுத்துத் தர வேண்டும் என்பது விதி. அட்டை வரும்வரை வங்கிக் கணக்கு இல்லை, ஓட்டுநர் உரிமம் இல்லை, சொந்தப் பெயரில் ஊருக்குப் பணம் அனுப்பவும் வழியில்லை. சம்பளத்தை ரொக்கமாக வாங்கி, அட்டை உள்ள இன்னொருவர் பெயரில் அனுப்ப வேண்டும். சாலையில் போலீஸ் நிறுத்தினால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. வேலை முடிந்து அறைக்குத் திரும்பினால் வெளியே தலை காட்டாமல் கிடக்க வேண்டியதுதான்.

அட்டை வந்த பிறகும் நிம்மதி நிலைப்பதில்லை. அட்டையைப் புதுப்பிக்கும் செலவு முதலாளியுடையது என்று சட்டம் சொன்னாலும், பல இடங்களில் அது தொழிலாளியின் சம்பளத்தில் கழிகிறது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைக்கக்கூடாது என்பதும் சட்டம்தான். அங்கே போனவர்களிடம் "பாஸ்போர்ட் எங்க?" என்று கேட்டுப் பாருங்கள், "கம்பெனியில" என்றுதான் பதில் வரும். சண்டை முற்றினால் 'ஹுரூப்' அடித்துவிடுவார்கள். வேலையாள் ஓடிப்போய்விட்டான் என்று முதலாளி அரசிடம் பதிவு செய்வதுதான் ஹுரூப். அது விழுந்துவிட்டால் அந்த ஆள் வேலையும் செய்ய முடியாது, ஊருக்கும் எளிதில் திரும்ப முடியாது. சொந்த அறையிலேயே ஒளிந்து வாழ வேண்டியவராகிவிடுகிறார்.

2021 மார்ச்சில் சவுதி அரசு இதில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது. முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறவும், விடுப்பில் ஊருக்குப் போய்வரவும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு வழி திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கத்தாரும் இதே போலச் சட்டத்தைத் திருத்தியிருந்தது. வரவேற்க வேண்டிய மாற்றங்கள். ஆனால் சவுதியில் வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள் இந்தத் திருத்தத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். நம் மாவட்டத்திலிருந்து போகிறவர்களில் ஹவுஸ் டிரைவர்கள் ஏராளம். மிகவும் தேவைப்பட்டவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

டிரைவர் பாட்டைத் தனியே சொல்ல வேண்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே எந்த நெரிசலிலும் வண்டியை ஒடித்துத் திருப்பத் தெரிந்தவர், வளைகுடாவில் எல்கேஜியிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், போவது சாலையின் வலப்பக்கம். நம் உரிமத்தை வைத்து அங்கே பிழைப்புக்கு வண்டி ஓட்ட முடியாது. துபாயில் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டி, எழுத்துத் தேர்வு, பார்க்கிங் தேர்வு, சாலைத் தேர்வு என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். தோற்றால் மறுபடி வகுப்பு, மறுபடி கட்டணம். முதல் சம்பளத்தை எதிர்பார்த்து வட்டிக்குக் கடன் வாங்கிப் போன வீட்டில் இந்த ஒவ்வொரு தோல்வியும் எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள்.

மலபாரியும் இல்லை, மதராசியும் இல்லை

குமரிக்காரருக்கு என்று தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. அரபுக்காரர் கண்ணுக்கு இவர் 'மலபாரி'. வட இந்தியருக்கு 'மதராசி'. மலையாளிகளுக்குப் பேச்சில் நெருக்கம், ஆனால் பாஸ்போர்ட்டில் தமிழ்நாடு. தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்துத் தமிழர்களுக்கோ இவர் பேச்சே மலையாளம் மாதிரி. அறையில் மலையாளிகளோடு தங்கி, மலையாளி ஃபோர்மேனிடம் வேலை செய்து, மலையாளி மெஸ்ஸில் சாப்பிட்டு வாழ்கிறவர், ஒரு ஆபத்து வந்தால் மட்டும் தனியாகிவிடுகிறார். அறைத் தோழருக்குக் கேரள அரசின் நோர்க்கா இருக்கிறது. வெளிநாடு வாழ் மலையாளிகளுக்காகவே 1996-இல் தொடங்கிய துறை அது. நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நலனுக்கான சட்டம் 2011-இல்தான் வந்தது. அதன்கீழ் நல வாரியம் உயிர்பெற்று வேலை செய்யப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. இப்போது வாரியம் இருக்கிறது, ஜனவரி 12 அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நல்லது. ஆனால் சவுதியின் ஜுபைலில் வெல்டிங் வேலை பார்க்கும் குமரிக்காரருக்கு இப்படி ஒரு வாரியம் இருப்பது தெரியுமா என்று விசாரித்தால், "நோர்க்கா மாதிரி நமக்கும் உண்டா?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டாம். காலையில் குப்பூஸ் ரொட்டி, இரவிலும் குப்பூஸ். மலையாளி சூப்பர் மார்க்கெட்டில் உறையவைத்த மரச்சீனிக் கிழங்கு கிடைக்கும். சாளைப் புளிமுளம் வைக்கலாம் என்றால் அறையில் பத்துப் பேருக்கு ஒரு அடுப்பு, முறை வைத்துத்தான் சமையல். வாடை வருகிறது என்று பக்கத்து அறைக்காரர் சண்டைக்கு வருவார். கிழங்கும் மீனும் பசிக்குப் போடுகிற தீனியாக மட்டும் இந்த மாவட்டத்தில் யாரும் நினைத்ததில்லை. அதற்கு ஏங்குவது பெரிய ஏக்கம்தான், யாரும் அதைச் சில்லறை என்று தள்ள வேண்டாம்.

மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு வளைகுடாவில் ஞாயிற்றுக்கிழமையும் ஊரோடு போய்விடுகிறது. குவைத்திலும் கத்தாரிலும் விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறுத் திருப்பலிக்கு அன்றைக்குத்தான் போக முடியும். தோஹாவின் ஜெபமாலை அன்னை ஆலயம், துபாயின் செயின்ட் மேரீஸ் ஆலயம் போன்ற இடங்களில் தமிழிலும் பூசை நடக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக பஸ் மாறி மாறி வருகிறார்கள். சவுதியில் ஆலயமே கிடையாது. கிறிஸ்துமஸ் இரவு அங்கே வேலை நாள்தான். அமீரகம் 2022 ஜனவரி முதல் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது நம் ஊர்க்காரர்கள் அடைந்த மகிழ்ச்சியை வெளியாட்கள் புரிந்துகொள்வது கடினம்.

பிறகு போன். ஊரில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில், அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை. செய்தி போகும், குரல் போகாது. வேறு செயலியில் பேச வேண்டும். மனைவிக்கும் அம்மாவுக்கும் அதே செயலியைத் தரவிறக்கிப் பழக்க வேண்டும். இங்கே இரவு பத்தரைக்குப் பிள்ளைகள் தூங்கிவிடும். சவுதியில் அப்போது எட்டு மணி, அப்பா அப்போதுதான் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறுகிறார். இரண்டரை மணி நேர இடைவெளி பிள்ளை வளர்வதையே காணாமல் செய்துவிடுகிறது. குடும்பத்தைக் கூட்டிப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று சவுதியில் முயன்றவர்களுக்கு 2017 ஜூலையில் ஒரு தலைக்கு மாதம் 100 ரியால் வரி வந்தது. ஆண்டுக்கு 100 கூடி 2020-இல் அது 400 ரியால் ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். பள்ளி ஆண்டு முடியும்வரைகூடக் காத்திராமல் குடும்பத்தை விமானம் ஏற்றி அனுப்பியவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு.

வெயிலுக்குச் சட்டம் உண்டு. சவுதியிலும் அமீரகத்திலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை உச்சிவேளையில் திறந்தவெளி வேலைக்குத் தடை, குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆனால் அந்த ஓய்வு நேரத்தை எங்கே கழிப்பது? தங்குமிடம் தொலைவில் இருக்கும், பஸ் சாயங்காலம்தான் வரும். கட்டடத்தின் நிழலில், சிமென்ட் மூட்டை அட்டையை விரித்துப் படுத்துக் கிடப்பார்கள்.

கடலை அறிந்தவர்களின் பாடு

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, வளைகுடாவுக்கு மீன் பிடிக்கப் போகிறவர்களின் வாழ்வு. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை போன்ற ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் தொழிலில் இந்தியாவிலேயே பேர் பெற்றவர்கள். வாரக்கணக்கில் கரை காணாமல் கிடந்து சுறாவும் சூரையும் கொண்டுவருகிறவர்கள். ஓகி புயல் 2017-இல் தாக்கியபோது இந்த ஊர்களின் இழப்பை நாடே கண்டது. அப்படிப்பட்டவர்கள் ஈரானுக்கும் பஹ்ரைனுக்கும் சவுதிக்கும் போனால் அங்கே அவர்களுடைய அறிவுக்கு மதிப்பில்லை. எங்கே வலை போடுவது என்று சொல்கிறவர் வேறு ஒருவர். இவர்கள் இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்கு முறைதான். டீசல், ஐஸ், அரிசி எல்லாச் செலவையும் கழித்து மீதியைப் படகுக்காரரும் தொழிலாளிகளும் பிரித்துக்கொள்வார்கள். செலவுக் கணக்கை எழுதுவது முதலாளி. என்ன விலைக்கு மீன் போனது என்பதும் அவருக்குத்தான் தெரியும். இறாலுக்குத் தடை போட்ட மாதங்களில் பங்கே இல்லை. கரையில் அறை கிடையாது, படுப்பது படகில்தான். குளிக்க நல்ல தண்ணீர் கிடைப்பது கரைக்கு வரும் அன்று மட்டும். இந்தத் தொழிலாளிக்கு வங்கி, ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாமே துறைமுக வாசலுக்கு வெளியே இருக்கும் வேறு உலகம். அந்த வாசலைத் தாண்டவும் அட்டை வேண்டும்.

பாரசீக வளைகுடா குறுகிய கடல். ஒரு நாட்டின் எல்லை முடிகிற இடத்தில் அடுத்த நாட்டின் எல்லை தொடங்கிவிடும். மீனுக்குப் பின்னால் போன படகு எல்லை தாண்டினால் சிறைக்குப் போவது நம் ஆட்கள்தான். 2024 செப்டம்பரில் ஈரானிலிருந்து தொழிலுக்குப் போன 28 பேரைப் பஹ்ரைன் கடலோரக் காவல் படை பிடித்தது. எல்லோரும் நம் பக்கத்து ஊரான இடிந்தகரையைச் சேர்ந்தவர்கள். தண்டனை முடிந்து டிசம்பரில்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

2020 கொரோனா காலத்தை மறக்க முடியுமா? ஈரான் துறைமுகங்களிலும் தீவுகளிலும் குமரி, நெல்லை, ராமநாதபுரம் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். தொழில் நின்றது, பங்கு நின்றது. படகுக்குள்ளும் நெரிசலான அறைக்குள்ளும் கிடந்து கைப்பேசியில் வீடியோ எடுத்து அனுப்பினார்கள். கடைசியில் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலஷ்வா பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவர்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போகும்போது, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும். வளைகுடாவின் ஆறு அரபு நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, ஈரான் இல்லை. ஆகவே ஈரானுக்குப் போகும் மீனவர் இந்த அனுமதியின் வழியாகப் போவதே இல்லை. அவருடைய ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்ல அதிகாரி இல்லை. ஆபத்து வந்த பிறகு பெயர்ப் பட்டியலை ஊர்ப் பங்குத்தந்தையும் உறவினர்களும் தயாரிக்க வேண்டியிருக்கிறது. தூத்தூர்க் கடற்கரை இத்தனை ஆண்டுகளாக ஈரானுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்போது இந்த ஓட்டையை அடைக்காமல் விட்டது பெரிய தவறு என்பேன்.

படித்தவர்கள் கதை வேறு, அலைச்சல் ஒன்றுதான். நர்சிங் படித்த நம் பெண்களுக்கு டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, புரோமெட்ரிக் தேர்வு என்று மாதங்கள் கழியும். ஜெர்மனி என்றால் பி2 நிலை ஜெர்மன். இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவர்கள் குடும்பத்தைக் கூட்டிப் போக 2024 மார்ச் 11 முதல் தடை வந்தது. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அங்கே வேறு யாருக்கோ அம்மாவாக இருக்கிறார்கள்.

அந்நியராக வந்தவர்களை இந்த மண்ணும் பார்த்திருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு திருவிதாங்கூர் படையை நடத்தி, 1777-இல் இறந்து, இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் உறங்குகிறார். இன்று கொட்டாரத்திலும் அழகியமண்டபத்திலும் பரோட்டா தட்டுகிற, கல் சுமக்கிற அஸ்ஸாம், வங்காளப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களையும் பெயர் கேட்காமல் 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறோம். வளைகுடாவில் நம் பிள்ளைகளுக்கு எது வலித்தது என்று தெரிந்த மாவட்டம் இது. அவர்கள் பெயரைக் கேட்டுக் கூப்பிட நமக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஈரானுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களைப் பதிவு செய்து அனுப்ப ஒரு முறை வேண்டும். பயண முன்பயிற்சி குளச்சலுக்கும் தூத்தூருக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் வந்து நடக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் பேச்சு அரபு, இக்காமா விவரத்தைச் சவுதி அரசின் அப்ஷர் செயலியில் தானே பார்ப்பது, ஹுரூப் விழுந்தால் தூதரகத்தை எப்படி அணுகுவது ஆகியவற்றைத் திரும்பி வந்தவர்களைக் கொண்டே சொல்லித் தரவேண்டும். அனுபவப்பட்டவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள்.

கிளம்புகிறவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. 'ஃப்ரீ விசா' என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒருவர் பெயரில் விசா, இன்னொருவரிடம் வேலை என்பது அங்கே குற்றம். ஏஜெண்டுக்கு உரிமம் உண்டா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் கிடைக்கும். அதை விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும், முதலாளியின் பெயரும் போன் நம்பரும், கிளம்புவதற்கு முன்பே வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் கையில் இருக்கட்டும்.